வேம்பும் வல்வெட்டித்துறையும்

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே வற்றாத ஆறு இல்லை, பெருங்காடும் இல்லை. சுண்ணக்கற் பாறையின்மேற் படிந்த மண்ணும் கிணற்று நீருமே அதன் செல்வம். முதிரையும் பாலையும் வன்னிக் காடுகளிலிருந்தே அங்கு வந்தன. அத்தகைய நாட்டினர் பெருங்கடல் கடக்கும் கப்பல்களைத் தாமே கட்டினர் என்றால் வியப்பன்றோ? அவ்வியப்பைத் தேடி வல்வெட்டித்துறைக்குப் புறப்படுவோம்.

கோப்பாய், நீர்வேலி, புத்தூர், அச்சுவேலி என ஊர்கள் ஒவ்வொன்றாய்ப் பின்செல்கின்றன. செல்வச்சந்நிதி முருகனை வணங்கித் தொண்டைமானாற்றுப் பாலத்தைக் கடக்கிறோம். பெயரால் ஆறாயினும் அது கடல்நீரேரியே. வழியெங்கும் வேலிக்கு உள்ளே பனைக்குத் துணையாய் நிற்பது வேம்பு.

வேப்பம்பூ வடகமும் வேப்பெண்ணெயும் நம் இல்லங்கள் அறிந்தவை. மரத்தின் பெருமையையோ நாம் மறந்துவிடுகிறோம். மரவேலைக்குப் பெயர்போன மகோகனியும் வேம்பும் ஒரே குடும்பத்தன. மலேசியாவிலே பலகைக்காக வளர்க்கப்படும் செந்தாங் மரம் வேம்பின் உடன்பிறப்பு எனலாம். இரண்டும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. வைரம் பாய்ந்த வேம்பு செந்நிறமும் திண்மையும் உடையது; கறையான் அதனை எளிதில் அண்டாது.

வல்வெட்டித்துறைக் கரையை அடைந்ததும் வடக்கே பாக்குநீரிணை விரிகிறது. இக்கரையிலே 1930ஆம் ஆண்டில் வேப்பமரத்தாற் கட்டப்பட்டது ‘அன்னபூரணி அம்மாள்’ என்னும் கப்பல். இரு பாய்மரங்கள், நீளம் 89 அடி. சிறு பாய்க்கலத்தில் உலகைச் சுற்றிவந்த அமெரிக்கர் வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் அதனை விலைக்கு வாங்கினார். வல்வெட்டித்துறை மாலுமிகள் அதனை 1937இற் செலுத்திச் சென்றனர். செங்கடல், சுயெஸ் கால்வாய், மத்தியதரைக்கடல், அத்திலாந்திக் எனக் கடந்து, 1938 ஆகஸ்டு மாதத்தில் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தை அது அடைந்தது. முற்றத்தில் நிழல் தந்த மரம், பெருங்கடலையும் தாங்கிற்று!

நேரான மரத்தை வளைவாய்ச் செதுக்கினால் அதன் இழை அறுபடும். இயல்பாய் வளைந்த கிளையிலோ இழை தொடர்ந்து ஓடும். ஆதலால் கப்பலின் விலாச் சட்டங்களுக்கு வளைந்த மரமே சிறந்தது. எந்தக் கிளை எந்தச் சட்டத்துக்குப் பொருந்தும் என்பதை நிற்கும் மரத்திலேயே காண்பது தேர்ந்த ஓடாவியின் கண்.

இன்று அக்கரையிலே கண்ணாடியிழைப் படகுகள் நிற்கின்றன. பெரிய பாய்க்கப்பல் கட்டும் ஒலி ஓய்ந்துவிட்டது. நெடிய போர் ஊரையும் மக்களையும் சிதறடித்தது. ஆயினும் வேம்பு அழியவில்லை. விழுந்த விதை மழைக்கு முளைக்கிறது. மரம் தானே முளைக்கும். கைத்தொழில் தானே முளைப்பதில்லை. ஒருவர் கற்பிக்க, மற்றொருவர் கற்றாலன்றி அது நில்லாது.

மாணவர்களே, வல்வெட்டித்துறைக்குச் சென்றால் கடலை மட்டும் கண்டு திரும்பாதீர்கள். அங்குள்ள முதியோரிடம் கப்பலின் ஒவ்வோர் உறுப்பின் பெயரையும் கேட்டு எழுதிவாருங்கள். அச்சொற்கள் மறைந்தால், வேம்பு நமக்கு வெறும் நிழலாகவே எஞ்சும்.