கூப்பர்ஸ்ரவுணுக்கு ஒரு பயணம்

எனக்கு எழுதிப் பழக்கமில்லை. ஓ.எல். வரை படித்துவிட்டு நாட்டை விட்டு வெளிக்கிட்டவன். ஆனாலும் போன கோடையில் பார்த்த ஒரு இடத்தைப் பற்றி, புதிதாக வந்திருக்கும் எங்கள் சனத்துக்குச் சொல்ல வேண்டும் போலிருக்கிறது.

ரொறன்ரோவுக்கு வந்த புதிதில், தொழிற்சாலையில் சாப்பாட்டு நேரம் முழுக்க பேஸ்போல் கதைதான். எனக்கு ஒன்றும் பிடிபடாது. பக்கத்து மெசினில் நின்ற யமேக்கா நாட்டுக்காரர்தான் விளங்கப்படுத்தினார். அவரும் எங்களைப் போலக் கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர். "ஹோம் ரன் என்றால் சிக்சர் மாதிரி. பந்தை வேலிக்கு வெளியே அடித்துவிட்டு நாலு தளத்தையும் ஆறுதலாகச் சுற்றி வரலாம்" என்றார். அன்றுமுதல் நானும் அந்த மேசையில் கதைக்கத் தொடங்கினேன்.

குடியுரிமை எடுத்து, கனேடியக் கடவுச்சீட்டும் கைக்கு வந்தபிறகு மகன் கேட்ட முதல் பயணம் கூப்பர்ஸ்ரவுண். பபலோ எல்லையைக் கடந்து 90ஆம் இலக்கப் பெருந்தெருவில் கிழக்கே போக வேண்டும். எல்லாமாக ஆறு மணித்தியாலம் வரும். நியூயோர்க் மாநிலத்தில், வாவிக்கரையில் இருக்கும் சின்ன ஊர். இரண்டாயிரம் பேர்கூட இல்லை. பிரதான வீதியில் கடைக்குக் கடை மட்டை, தொப்பி, வீரர்களின் படம் போட்ட அட்டைகள்.

அங்கேதான் 1939இல் திறந்த பேஸ்போல் புகழ் மண்டபம் இருக்கிறது. 1839இல் இந்த ஊரில்தான் விளையாட்டுப் பிறந்தது என்று ஒரு கதை இருந்தது. 1930களில் பக்கத்தில் எங்கேயோ கிடைத்த கிழிந்த பந்தொன்றை அதற்குச் சாட்சி என்று நினைத்து ஐந்து டொலருக்கு வாங்கினார்கள். கதை பொய் என்று பிறகு தெரிந்துவிட்டது. ஆனாலும் பந்தை எறியவில்லை.

ஒரு மண்டபம் முழுக்க வீரர்களின் முகம் பதித்த வெண்கலத் தகடுகள். 1936இல் முதன்முதல் தெரிவான ஐந்து பேரில் ஒருவர் பேப் ரூத். ஏழு வயதில் கண்டிப்புப் பள்ளியொன்றில் விடப்பட்டு, அங்கே சேட் தைக்கப் பழகிய பிள்ளை. 1927இல் ஒரே பருவத்தில் 60 ஹோம் ரன் அடித்தார். அறுபதாவதை அடித்த மட்டையும் இங்கேதான் இருக்கிறது. அவருடைய மொத்தக் கணக்கு 714.

அதை முந்தியவர் ஹாங்க் ஆரன் என்ற கறுப்பினத்தவர். அவருக்கென்று தனிக் காட்சியறையே உண்டு. நாங்கள் அதிக நேரம் நின்றது அங்கேதான். இளம் வயதில் வொஷிங்ரனில் ஒரு சாப்பாட்டுக் கடையில் இவரும் கூட்டாளிகளும் சாப்பிட்டு முடித்ததும், அவர்கள் தொட்ட கோப்பைகளை உள்ளே உடைக்கும் சத்தம் கேட்டது என்று அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். எங்கள் ஊர்த் தேத்தண்ணிக் கடைகளில் சிலருக்கு வேறு பேணி வைத்ததும் எங்களவர்கள்தானே. மனைவி என்னைப் பார்த்தாள். நான் பேசாமல் நின்றேன்.

1973 முடியும்போது ஆரனின் கணக்கு 713. மாரி முழுவதும் காத்திருக்க வேண்டியதாயிற்று. கறுப்பன் ரூத்தை முந்தக்கூடாது, கொன்றுவிடுவோம், பிள்ளையைக் கடத்துவோம் என்று கட்டுக்கட்டாகக் கடிதங்கள் வந்தன. காவலோடுதான் நடமாடினார். 1974 ஏப்ரல் 8ஆம் திகதி அட்லாண்டாவில் 715ஐ அடித்தார். 755இல் ஓய்ந்து, 2021இல் காலமானார். அந்தக் கடிதங்களை அவர் எறியவில்லை. நடந்ததை மறக்கக்கூடாது என்று எடுத்து வைத்திருந்தார்.

அவரை முந்தியவர் பரி பொண்ட்ஸ். 2007இல் அடித்த 756ஆவது பந்தும் இந்த மண்டபத்திடம் இருக்கிறது. ஏழரை இலட்சம் டொலருக்கு ஏலத்தில் எடுத்தவர், பொதுசனத்திடம் வாக்குக் கேட்டு, அதில் ஒரு நட்சத்திரக் குறி பொறித்துத்தான் கொடுத்தார். ஊக்கமருந்துச் சந்தேகத்துக்கு அடையாளம் அது. பெருமையையும் சந்தேகத்தையும் ஒரே கூரையின் கீழ் வைத்திருக்கிறார்கள்.

திரும்பி வரும்போது மகன் கேட்டான்: "அப்பா, அந்தக் கடிதங்களை அவர் ஏன் எரிக்கேல்லை?"

எனக்கு என் முதல் மாதம் ஞாபகம் வந்தது. தொழிற்சாலையில் என் லொக்கரில் ஒரு கடதாசி ஒட்டியிருந்தது: உன் நாட்டுக்குப் போ. யாரும் பார்க்கமுதல் கிழித்துக் குப்பையில் போட்டேன். வீட்டிலும் சொல்லவில்லை. அன்றைக்குத்தான் காரில் வைத்து மனைவிக்கும் மகனுக்கும் சொன்னேன். இப்போது அந்தக் கடதாசி இருந்தால் என்ன என்று தோன்றுகிறது. முதல் சம்பளத் துண்டு என்னிடம் பத்திரமாக இருக்கிறது. அதோடு இதையும் வைத்திருக்கலாம்.

போக விரும்புகிறவர்களுக்கு ஒரு சொல்: யூலைக் கடைசியில் புதியவர்களைச் சேர்க்கும் விழா நடக்கும். அப்போது தங்க அறை கிடைப்பது கஷ்டம். வேறு நாளில் போங்கள். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள்.