கோலமாவின் வெளுப்பல்ல!

மார்கழி என்றால் எங்கள் சுரக்குடியில் வாசலுக்கு வாசல் கோலப் போட்டிதான். காரைக்கால் கடற்காற்று எட்டும் ஊர், விடியற்காலையில் சில்லென்றிருக்கும். மூன்று வருஷங்களுக்கு முன் ஒரு நாள், கோலம் போட்டுவிட்டு உள்ளே வந்தேன்.

"கையைக் கழுவிட்டு வாயேம்மா, மாவு அப்படியே இருக்கு" என்றார் அத்தை.

"கழுவிட்டேனே அத்தை!"

இருவரும் என் விரல்களைப் பார்த்தோம். நான்கு விரல்கள் சுண்ணாம்பாக வெளுத்திருந்தன. சற்று நேரத்தில் நீலம் பாரித்தன. பிறகு அடுப்பங்கரைச் சூட்டில் செக்கச் சிவந்து வலித்தன.

இந்த விரல் வேடிக்கையை 1862-லேயே பாரிஸ் டாக்டர் மோரிஸ் ரேனோ எழுதி வைத்திருக்கிறார். அப்போது எங்கள் காரைக்காலும் பிரெஞ்சு ஆட்சியில்தான் இருந்தது. இருந்தும் அவர் எழுதியது எங்கள் தெருவுக்கு எட்டவில்லை! "ரத்தம் குறைச்சல்" என்று ஒரு டாக்டர் டானிக் கொடுத்தார். ஒரு வருஷம் ஓடியது. விரல் தோல் பளபளவென்று இறுகி, மோதிரம் கழற்ற வராமல் போயிற்று. "குஷ்டமாக இருக்குமோ?" என்று பக்கத்து வீட்டில் முணுமுணுப்பு. அன்று அத்தை எல்லோரும் பார்க்க என் தட்டிலிருந்தே ஒரு வாய் எடுத்துச் சாப்பிட்டார். அதுதான் அவர் சொன்ன பதில்.

பிறகு புதுச்சேரி ஜிப்மருக்குப் போனோம். அங்கே இப்படிப்பட்ட நோய்களுக்கென்றே தனித் துறை இருக்கிறது. ரத்தப் பரிசோதனையில் 'ஏ.என்.ஏ. பாஸிடிவ்' என்று வந்ததும் அழுதேவிட்டேன்.

"ஆரோக்கியமாக இருக்கும் சிலருக்குக்கூட இப்படி வரும், இதை மட்டும் வைத்து முடிவு செய்வதில்லை" என்றார் டாக்டரம்மா. "உங்கள் தோலையும், நகக்கண்ணிலுள்ள ரத்தக் குழாய்களையும் சேர்த்துப் பார்த்துத்தான் ஸ்க்ளீரோடெர்மா என்கிறேன். காவற்காரனே வீட்டுக்காரரை அடிப்பது போல, உடம்பின் காவல் படை உடம்பையே தாக்குகிறது. சின்ன ரத்தக் குழாய்கள் குறுகுகின்றன. தோலில் நார் மிகுந்து இறுகுகிறது. தொட்டால் ஒட்டாது. பெண்களுக்குத்தான் அதிகம் வருகிறது."

அந்தக் காவல் படை உண்டாக்கும் எதிர்ப்பொருள்களில் எந்த வகை என்று அடுத்துப் பார்த்தார்கள். அது தெரிந்தால், திருடன் எந்தக் கதவு வழியாக வரக்கூடும் என்று தெரியுமாம். எஸ்.சி.எல். 70 என்றால் நுரையீரலைக் கவனிக்க வேண்டும். ஆர்.என்.ஏ. பாலிமரேஸ் 3 என்றால் சிறுநீரகத்தையும் ரத்த அழுத்தத்தையும். சென்ட்ரோமியர் என்றால் தோல் மெதுவாகத்தான் இறுகும். ஆனாலும் நுரையீரலுக்குப் போகும் ரத்தக் குழாயின் அழுத்தத்தை அவ்வப்போது பார்க்க வேண்டும்.

எனக்கு வந்தது முதலாவது. உடனே மூச்சு ஊதும் சோதனையும் ஸ்கானும் செய்தார்கள். நுரையீரலில் நார் படரத் தொடங்கியிருந்தது. எனக்கோ இருமல்கூட இல்லை! மாத்திரை ஆரம்பித்தார்கள். நோய் அடியோடு போய்விடவில்லை. ஆனால் மேலே பரவாமல் நிற்கிறது. நான் அழுத அந்தக் காகிதம்தான் சமயத்தில் கதவைத் தாழிட வைத்தது.

சகோதரிகளே, குளிரில் விரல் வெளுக்கும் எல்லோருக்கும் இந்த நோய் இல்லை. பெரும்பாலோருக்கு வேறொன்றும் இராது. ஆனால் தோலும் இறுகினால் டானிக்கோடு நின்றுவிடாதீர்கள்.

இந்த மார்கழியிலும் கோலம் போட்டேன், வெந்நீர் தெளித்து, கையுறை மாட்டிக்கொண்டு. கோடு கொஞ்சம் கோணல்தான். உள்ளே வந்ததும் அத்தை வழக்கம்போல் கேட்டார்:

"மாவா, விரலா?"

"மாவுதான் அத்தை!"