இடுப்புல ஒண்ணு, பாக்கெட்டுல ஒண்ணு

ரெண்டு மாசமா என் மேஜை டிராயர்ல ஒரு விண்ணப்பம் கிடக்கு. படிவம் ஏ-1, துப்பாக்கி லைசன்சுக்கு. பேர், அப்பா பேர், பிறந்த தேதி, விலாசம் எல்லாம் நிரப்பியாச்சு. "எதற்காகத் தேவை" என்கிற இடம் மட்டும் காலி. பத்தாயிரம் வரி புரோகிராமில் ஒரு தப்பைத் தேடிப் பிடிப்பவனுக்கு ஒரு வரி எழுத வரவில்லை.

டிஸ்கி: யாரையும் துப்பாக்கி வாங்கச் சொல்லியோ வேண்டாம்னு சொல்லியோ இதை எழுதல. எங்க வீட்டுல ஒண்ணு இருக்கு, அவ்வளவுதான்.

எங்க ஊர் சேந்தமங்கலம். கிழக்கே நிமிர்ந்து பார்த்தா கொல்லிமலை. ஒரே அம்புல யானை, புலி, மான், பன்றி, உடும்பு அஞ்சையும் துளைத்த வல்வில் ஓரியோட ஊர்ப்பக்கம். ஓரிக்கு லைசன்ஸ் தேவைப்படல, அந்தக் காலத்துல கலெக்டர் ஆபீஸ் இல்லை. அப்பாவுக்குத் தேவைப்பட்டது.

அப்பாவுக்கு முட்டை வியாபாரம். ஆத்தூர், ராசிபுரம் பக்கத்துக் கடைகளுக்கு முட்டை போட்டுட்டு வாராவாரம் வசூலுக்குப் போவார். எல்லாம் ரொக்கம். 1998-ல ஆத்தூர் ரோட்டுல ரெண்டு பேர் வண்டியை மறிச்சுப் பணப்பையைப் பிடுங்கிட்டுப் போயிட்டாங்க. தோள்பட்டையில நாலு தையல். அப்போதான் யாரோ சொல்லி மனு போட்டார். நாமக்கல் சேலத்திலிருந்து பிரிஞ்சு தனி மாவட்டமானது 1997-ல. புது கலெக்டர் ஆபீசுக்கு நடையா நடந்து, போலீஸ் விசாரணை முடிஞ்சு, 1999-ல லைசன்ஸ் கைக்கு வந்தது. வாங்கினது பாயிண்ட் 32 ரிவால்வர், கான்பூர் அரசுத் தொழிற்சாலைத் தயாரிப்பு. ஆறு தோட்டா போடலாம். எடை சுமார் 700 கிராம்.

ஏன் 32 என்று சின்ன வயசுல கேட்டிருக்கேன். சினிமாவுல எல்லாரும் தூக்கிட்டு அலையற 9 எம்எம் எல்லாம் ராணுவம், போலீஸ் வைத்திருக்கும் ரகம். தடை செய்யப்பட்ட போர் கணக்குல வரும், சாதாரண ஆளுக்குக் கிடைக்காது. அதனாலதான் நம்ம நாட்டுல லைசன்ஸ் கைத்துப்பாக்கின்னா பெரும்பாலும் 32.

700 கிராம்னா கேட்க ஒண்ணுமில்லாத மாதிரி இருக்கும். இடுப்புல ஒரு பக்கமா கட்டிக்கிட்டு ஆத்தூர் வரை போய் வந்தாத்தான் தெரியும். அப்பா பேண்ட் போடற ஆள் கிடையாது, வேட்டிதான். தோல் பெல்ட்டுக்கான உறையை வேட்டியில எங்கே மாட்டறது? நம்ம பக்கம் விவசாயிங்க கட்டற பர்ஸ் வெச்ச அகலப் பச்சை பெல்ட் இருக்குல்ல, அதுல செருப்புத் தைக்கிறவர்கிட்ட கொடுத்து ஒரு தோல் வளையம் தைச்சு வாங்கினார். அப்புறம் சட்டை. அப்பாவோடது எல்லாம் மெல்லிசு வெள்ளைக் காட்டன். உள்ளே இருக்கறது கறுப்பா அப்படியே தெரியும். அதுக்காகவே கொஞ்சம் தடிச்ச துணியில, ஒரு அளவு பெரிசா, தொடை வரை தொங்கற மாதிரி நாலு சட்டை தைச்சார். "என்னங்க இது, அடுத்தவங்க சட்டையப் போட்டுக்கிட்ட மாதிரி" என்று அம்மா சிரிப்பாங்க.

டெக்சாஸில் என் டீம் ஆள் ஒருத்தன் இருக்கான். அங்கே 2021 செப்டம்பர்ல இருந்து பெரும்பாலானவங்களுக்கு லைசன்சே வேண்டாம், கைத்துப்பாக்கியை வெளியே தெரியற மாதிரியும் வெச்சுக்கலாம், மறைச்சும் வெச்சுக்கலாம். அவனும் சட்டை ஒரு அளவு பெரிசா வாங்கணும்னுதான் சொன்னான். எங்கப்பா அதை 1999-லயே கண்டுபிடிச்சிட்டார் :-) நம்ம ஊர்ல அந்தத் தேர்வே கிடையாது. 2016 ஆயுத விதிகள்படி பொது இடத்துல கொண்டுபோனா துப்பாக்கி முழுசா மூடியிருக்கணும், கொண்டுபோறவன் கட்டுப்பாட்டுல இருக்கணும். எடுத்துக் காட்டறது, ஆட்டறது எல்லாம் குற்றம். கல்யாணத்துல வானத்தைப் பார்த்துச் சுட்டாலும் 2019 சட்டத் திருத்தத்துக்கு அப்புறம் ரெண்டு வருஷம் வரை ஜெயில், இல்லேன்னா ஒரு லட்சம் வரை அபராதம், ரெண்டும் சேர்ந்தும் வரலாம்.

எதிரி வேர்வை. சித்திரை மாசம் இடுப்புல ஒட்டிக்கிட்டே இருந்தா ஒரு வாரத்துல துரு பிடிச்சிடும். ஞாயித்துக்கிழமை மத்தியானம் அப்பா பழைய துண்டை விரிச்சு, தோட்டாவை எல்லாம் எடுத்து எண்ணி ஒரு டம்ளர்ல போட்டுட்டு, தையல் மெஷின் எண்ணெய் விட்டுத் துடைப்பார். நான் தூர நின்னுதான் பார்க்கணும். உறையும் தோல்தான், அதுவும் வேர்வையை உறிஞ்சும். ராத்திரி துப்பாக்கியை உறையிலேயே விட்டா அது வேற துரு.

இதுக்கெல்லாம் மேல, வெளியே போனா ஒரு நிமிஷம் மறக்க முடியாது. பாத்ரூம் போனா எங்கே வைக்கறது? கோயில்ல சட்டையைக் கழட்டச் சொன்னா? டாக்டர் படுக்கச் சொன்னா? பேங்க் வாசல்ல செக்யூரிட்டிக்கிட்ட முன்னாடியே சொல்லணும். ஒரு பீர் குடிக்கக் கூடாது. ஒவ்வொரு தேர்தலுக்கும் ஸ்டேஷன்ல ஒப்படைச்சு ரசீது வாங்கணும், முடிஞ்சதும் போய் எடுக்கணும். 2024 நாடாளுமன்றத் தேர்தல் வரை அப்பா ஒரு ரசீதையும் தூக்கிப் போடல, ஜாதகம் மாதிரி மஞ்சப் பையில வெச்சிருக்கார். அந்தத் துப்பாக்கி அவருக்குக் காவல் இருந்ததா, அவர் அதுக்குக் காவல் இருந்தாரான்னு கேட்டா எனக்கு இன்னிக்கு வரைக்கும் சந்தேகம்தான்.

அந்தப் பச்சை பெல்ட்டோட பர்ஸுக்குள்ள இன்னொண்ணும் இருக்கும். மடக்குக் கத்தி. பேளுக்குறிச்சி சந்தையில வாங்கினது. மூணு அங்குல அலகு, மரக் கைப்பிடி, ரெண்டு பித்தளை ஆணி. இதுக்கு லைசன்ஸ் இல்லை, ரசீது இல்லை, கலெக்டருக்கு இப்படி ஒண்ணு இருக்கறதே தெரியாது. ஆயுத விதிகள்ல கத்தி வர்றது அலகு ஒன்பது அங்குலத்துக்கு மேல நீளமோ ரெண்டு அங்குலத்துக்கு மேல அகலமோ இருந்தாத்தான். அதுலயும் வீட்டு வேலை, விவசாய வேலைக்குச் செஞ்சதுன்னா விலக்கு. இல்லேன்னா எங்க பக்கத்துக் கொடுவாளுக்கெல்லாம் தனி ஆபீசே திறக்கணும். ஆனா டெல்லியில பட்டனைத் தட்டினா பாய்ஞ்சு திறக்கற கத்திக்கு 1980 அறிவிக்கை ஒண்ணு இருக்கு, அங்கே அலகு 7.62 சென்டிமீட்டர்னாலே மாட்டிக்குவோம். லண்டன்ல மூணு அங்குலத்துக்கு உட்பட்ட, பூட்டு இல்லாத மடக்குக் கத்தின்னா காரணம் சொல்லாம வெச்சுக்கலாம். அப்பா கத்தி லண்டன் சட்டத்துக்கும் சரியாத்தான் இருக்கும்.

அந்தக் கத்தி செய்யாத வேலை இல்லை. தவிட்டு மூட்டை தையலைப் பிரிக்க, முட்டை அட்டைக் கட்டை அறுக்க, வாழை இலை நறுக்க, எலுமிச்சம்பழம் வெட்ட, காலில் ஏறின முள்ளை எடுக்க. கூர் போனா அம்மாவோட பீங்கான் ஜாடியைக் கவுத்து, அடியில மெருகு இல்லாத சொரசொரப்பு வட்டத்துல நாலு இழு இழுப்பார். தேங்காயெண்ணெய் மட்டும் விடக் கூடாது, நாளானா பிசுக்கு பிடிச்சு மடிக்க வராது. பூட்டு இல்லாத கத்தியில குத்தக் கூடாது, அறுக்கத்தான் செய்யணும். குத்தினா மடிஞ்சு நம்ம விரலுக்கே வரும். என் இடது ஆள்காட்டி விரல்ல அதுக்கு ஒரு தழும்பு இருக்கு. இன்னொண்ணு, கத்தியை அப்பா யார் கையிலயும் கொடுக்க மாட்டார். கீழே வைப்பார், நாம எடுத்துக்கணும். கைக்குக் கை கொடுத்தா சண்டை வருமாம்.

வேலைக்குச் சேர்ந்ததும் நானும் ஒரு சிவப்பு சுவிஸ் கத்தி வாங்கினேன். நாலே மாசம். ஒரு விடியக்காலை ஃபிளைட்டுக்கு ஓடறப்ப கைப்பையில இருந்து எடுத்து செக்-இன் பெட்டியில போட மறந்துட்டேன். முழுக்க என் தப்பு. அங்கே தட்டுல அந்த மாதிரி முப்பது கத்தி கிடந்தது.

இப்போ கொஞ்சம் கொசுவத்தி.

2009, முழுப்பரீட்சை லீவு. எனக்குப் பன்னெண்டு வயசு. ராசிபுரம் வசூலுக்கு அப்பாவோட ஓம்னியில போயிருந்தேன். திரும்பறப்ப ராத்திரி பத்தரை இருக்கும். பேளுக்குறிச்சி தாண்டி ரெண்டு பக்கமும் புளியமரம், ஒரு வெளிச்சம் கிடையாது. நடு ரோட்டுல ஒருத்தன் துண்டை வீசிக்கிட்டு நிக்கறான். அப்பா வேகத்தைக் குறைச்சார், எஞ்சினை அணைக்கல. பள்ளத்துல இருந்து இன்னொருத்தன் கையில நீளமா இரும்புக் கம்பியோட எங்க வண்டியைப் பார்த்து ஓடி வர்றான். ஏதோ கத்தறான். எனக்குக் கேட்டது ஒரே வார்த்தைதான். "கத்தி... கத்தி..."

டிக்னு உறையோட பட்டன் சத்தம். அப்பாவோட வலது கை சட்டைக்குள்ள. உட்கார்ந்த வாக்குல எடுக்க வரல, வேட்டி மடிப்புல குழாய் மாட்டிக்கிச்சு. இழுத்தார். அதை வீட்டுக்கு வெளியில நான் பார்த்தது அன்னிக்குத்தான். கண்ணாடி பாதி இறங்கியிருக்கு, அந்த ஆள் கதவுகிட்ட வந்தாச்சு. அவன் நெஞ்சுக்கும் துப்பாக்கிக்கும் நடுவுல ஓம்னி கதவுத் தகரம் மட்டும்தான்.

"ஏனுங்க, கத்தி இருக்குதுங்களா? பையன் கயித்துல மாட்டிக்கிட்டானுங்க!"

மரவள்ளிக்கிழங்கு ஏத்தின மினி லாரி பள்ளத்துல சாஞ்சு கிடந்தது. லோடு மேல உட்கார்ந்து வந்த பையன் நெஞ்சைச் சுத்தி கயிறு இறுகியிருக்கு. கையில இருந்தது ஜாக்கி லீவர். அதால நெம்பிப் பார்த்திருக்காங்க, முடியல.

அப்பா இறங்கல. வலது கையை வெளியே எடுக்க முடியல அவரால. என்னைப் பார்க்காமலே, "கண்ணு, பர்ஸுல கத்தி இருக்கு, எடுத்துக் குடு" என்றார். குரல் அவரோடது மாதிரியே இல்லை. நான் பர்ஸைத் திறந்து எடுத்து, சுத்திக்கிட்டு ஓடி, கீழே எல்லாம் வைக்கல, அந்த ஆள் கையிலயே கொடுத்தேன். நைலான் கயிறு, நாலு அறுப்புல விட்டுது. பையன் இருமினான், அப்புறம் அழுதான். என்னைவிட நாலஞ்சு வயசுதான் மூத்தவனா இருப்பான்.

கத்தியைத் துடைச்சுத் திருப்பிக் கொடுத்தாங்க. அந்த ஆள் அப்பாவைப் பார்த்து ரெண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார். அப்பா தலையை மட்டும் ஆட்டினார். களப்பநாயக்கன்பட்டிக்கு வெளியே வண்டியை ஓரங்கட்டி வாந்தி எடுத்தார். தண்ணி பாட்டிலை ஒரே மூச்சுல காலி பண்ணிட்டு, "அம்மாகிட்ட சொல்லாத சாமி" என்றார். சொல்லல.

அதுக்கப்புறமும் அப்பா கட்டிக்கிட்டுத்தான் போனார். வசூல், கல்யாணம், கட்சிக்காரங்க வீட்டு விசேஷம். ஆனா ஞாயித்துக்கிழமை துடைக்க உட்காரும்போது டம்ளர் வெறுமனே இருந்தது. தோட்டா பீரோ லாக்கர்ல. கவனிச்சது நான் மட்டும்தான்னு நினைக்கிறேன். பதினஞ்சு வருஷமா வெறும் துப்பாக்கி.

இப்போ ஏன் என் மேஜைக்கு வந்திருக்குன்னா, 2016 விதிகள்ல ஒரு வழி இருக்கு. லைசன்ஸ்தாரர் எழுபது வயசைத் தொட்டாலோ, துப்பாக்கியை வாங்கி இருபத்தஞ்சு வருஷம் ஆனாலோ, உயிரோட இருக்கும்போதே வாரிசு பேருக்கு லைசன்ஸ் கேட்கலாம். அப்பாவுக்கு 2024-ல இருபத்தஞ்சு முடிஞ்சது. எனக்குத் தனி விசாரணை, சுடுவதற்குப் பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழ், அம்மாவும் அக்காவும் ஆட்சேபணை இல்லைன்னு எழுதித் தரணும்.

"இப்ப எல்லாம் கடைக்காரங்க ஃபோன்லயே பணம் போட்டுடறாங்க. அதுவும் தோட்டா இல்லாம. எதுக்குப்பா?" என்று போன வாரம் கேட்டே விட்டேன்.

தோட்டா விஷயம் எனக்குத் தெரியும்னு அவருக்கு அப்போதான் தெரிஞ்சது. ரொம்ப நேரம் பேசல. அப்புறம், "எடை பழகிப்போச்சு கண்ணு. அது இல்லாம நடந்தா ஒரு பக்கமா சாயற மாதிரி இருக்கு" என்றார்.

இதை அந்தக் காலி இடத்துல எழுத முடியுமா? "தற்காப்பு" என்று ஒரே வார்த்தை போட்டாப் போதும்னு விவரம் தெரிஞ்சவங்க சொல்றாங்க. எழுதினா பொய் இல்லை. 1998-ல தையல் போட்ட தோள்பட்டை இன்னமும் மழைக்காலத்துல வலிக்குதுன்னு அப்பா தைலம் தடவறார். அன்னிக்கு வெறும் கையா இருந்ததை நான் பார்க்கல, 2009-ல கையில இருந்ததைப் பார்த்தேன். ரெண்டுல எதை நினைச்சு எழுதறதுன்னுதான் தெரியல.

நேத்து அம்மா கேட்டாங்க, "அந்தப் பேப்பர்ல நான் எங்கடா கையெழுத்துப் போடணும்?"

அவங்க போடணும்னா அந்த ராத்திரியைச் சொல்லணும். சொன்னா அப்பாவுக்குக் கொடுத்த வாக்கு போச்சு. வாசல்ல மாட்டுக்குத் தவிட்டு மூட்டை வந்து இறங்கியிருந்தது. அப்பா கத்தியைத் திண்ணையில வெச்சிருந்தார். அதை எடுத்துக்கிட்டு மூட்டையைப் பிரிக்கப் போயிட்டேன்.