ஒன்றுமில்லை என்றோம்

விடைத்தாள் கட்டுடன் துறையின் மாடிப்படி இறங்குகையில், கடைசிப் படியொன்று எஞ்சியிருப்பதை மறந்தோம். இடக்கால் உட்புறமாக மடிந்தது. தாள்கள் சிதறின, மாணவர் இருவர் ஓடிவந்து பொறுக்கினர். "ஒன்றுமில்லை" என்று எழுந்தோம். தமிழாசிரியர்க்குச் சொல் ஆயிரம் இருக்க, அடுத்த மூன்று திங்கள் நாம் மிகுதியும் வழங்கியது அவ்வொரு சொல்லைத்தான்.

மாலைக்குள் கரண்டை வீங்கிவிட்டது. உம்மா நல்லெண்ணெயைச் சூடாக்கி நீவிவிட்டார்கள். அவர்தம் அன்பைக் குறைசொல்ல நமக்கு வாயில்லை. ஆயினும் புதிய சுளுக்கை அழுத்தி நீவுவதும் சூடு வைப்பதும் வீக்கத்தை மிகுவிக்கும் என்பதைப் பின்னரே அறிந்தோம். முதல் இரண்டொரு நாள் பனிக்கட்டியைத் துணியில் பொதிந்து கால்மணி நேரம் வைப்பதும், காலை உயர்த்தி வைப்பதுமே தக்கவையாம்.

வீக்கம் வடிந்தது, வகுப்பெடுத்தோம். வலி மட்டும் விடைபெறவில்லை. தொழுகை இருப்பில் இடக்காலை மடித்து அதன்மேல் அமர்கையில் கண்ணில் நீர் தளும்பும். அருகிருந்த பெரியவரொருவர் அதனை உள்ளச்சமென்று கருதிப் பாராட்டினார். மறுக்கும் துணிவு நமக்கில்லை.

அந்நாள்களில்தான் இளங்கலை மாணவரொருவர் கால்பந்தாட்டத்தில் கால் பிசகி, சுவரைப் பற்றியபடி நம் அறைக்கு வந்து விடுப்புக் கேட்டார். "நமக்கும் இப்படித்தான் தம்பி, நடக்க நடக்கச் சரியாகும்" என்று சொல்லி, மாதத்தேர்வு எழுத அனுப்பிவைத்தோம். நான்காம் நாள் அவர் வாப்பா அழைத்துச் சென்று எடுத்த எக்ஸ்ரே படம், வெளிக்கணுவில் எலும்பு முறிந்திருப்பதைக் காட்டிற்று.

கனடாவின் ஒட்டாவா நகர மருத்துவர்கள் 1992இல் வெளியிட்ட எளிய நெறியொன்று உண்டு. அடிபட்டவுடனும் மருத்துவர்முன் வந்தபோதும் நான்கடி நடக்க இயலாவிடினும், கணுவெலும்பின் பின்விளிம்பையோ நுனியையோ அழுத்துகையில் வலித்தாலும் படம் எடுத்துப் பார்த்தல் வேண்டும். அம்மாணவர் வாயிலிலிருந்து நம் மேசைவரை வந்ததே சுவரின் துணையால்தான். அதனைக் கண்ணாரக் கண்டும் காணாதிருந்தோம்.

நாணம் உந்த, நாமும் எலும்பு மருத்துவரிடம் சென்றோம். ஒற்றைக்காலில் நிற்கச் சொன்னார். ஐந்து நொடி நிற்க முடியவில்லை. எலும்புகளைப் பிணைக்கும் நார் ஆறிவிட்டது, ஆனால் கால் தன் நிலையை உணரும் திறன் மீளவில்லை என்றார். வாரக்கணக்கில் நீளும் வலிக்குப் பின்னால் குருத்தெலும்புக் காயமோ தசைநாண் கிழிசலோ இருத்தலும் கூடும்; ஆறு வாரம் கடந்தும் வலியோ வீக்கமோ குறையாவிடினும், கால் அடிக்கடி மடங்கினாலும் காட்டிவிடுதலே முறை என்றார். நீரிழிவுடைய பெரியவர்களோ அத்துணை நாள் காத்திருத்தல் ஆகாது. உணர்வு மங்கிய பாதத்தில் எலும்பு முறிந்தும் வலி தோன்றாதிருக்கலாம். வீக்கமும் வெம்மையுமே அறிகுறியாக நிற்கும்.

இப்போது நாள்தோறும் பல் துலக்கும்போது இடக்காலில் மட்டும் நிற்கிறோம். வீட்டுப் பிள்ளைகள் கொக்கென்று சிரிக்கின்றனர்.

மாவுக்கட்டுடன் அம்மாணவர் கல்லூரிக்கு வந்த அன்று, அவர் வகுப்பைக் கீழ்த்தளத்திற்கு மாற்றக் கேட்டுப் பெற்றோம். மன்னிப்பும் கேட்டோம். அவரோ நம் காலையே நோக்கி, "உங்களுக்கு எப்படி இருக்கிறது, ஐயா?" என்றார்.

"இன்னும் வலிக்கிறது தம்பி" என்றோம்.