கப்பலை விட்டு இறங்கும்போது

மே மாதம் வந்தால் டெல்லி ஆர்.கே.புரத்துத் தமிழ் வீடுகளில் பூட்டு தொங்க ஆரம்பித்துவிடும். பாதிப் பேர் கும்பகோணம், திருநெல்வேலி, பாலக்காடு என்று சொந்த ஊருக்குக் கிளம்புவார்கள். மீதிப் பேர் அமெரிக்காவில் இருக்கும் பிள்ளையிடமோ பெண்ணிடமோ போவார்கள். மலை மந்திர் கோயிலில் மாலைத் தீபாராதனை பார்த்துவிட்டுப் படியிறங்கும் நேரத்தில் அந்த மாதம் முழுக்க இதே பேச்சுதான். சில வருஷங்களாக அந்தப் பேச்சில் ஒரு புது வாக்கியமும் சேர்ந்திருக்கிறது: "பையன் க்ரூஸ் புக் பண்ணியிருக்கான்." டெக்சாஸில் பிள்ளை இருந்தால் கால்வெஸ்டன் துறைமுகம், ஃப்ளோரிடாவில் இருந்தால் மயாமி. அங்கிருந்து ஒரு வாரம் கரீபியன் கடல்.

நாங்கள் போய்வந்தது தெரிந்து பலர் விசாரிக்கிறார்கள். கப்பலில் சைவச் சாப்பாடு கிடைக்குமா, தலை சுற்றுமா, அறைக்கு ஜன்னல் உண்டா என்றுதான் கேட்கிறார்கள். கப்பல் நிற்கும் ஊர்களில் இறங்கி எங்கே போனீர்கள், எந்த வண்டியில் போனீர்கள், அதை யார் ஏற்பாடு செய்தார்கள் என்று ஒருவரும் கேட்பதில்லை. கவலைப்பட வேண்டியது அதற்குத்தான். கப்பலில் டாக்டர் இருக்கிறார், ஏறிய அன்றே ஆபத்துக்கால ஒத்திகை நடக்கிறது, எங்கு திரும்பினாலும் கண்காணிப்புக் கேமரா இருக்கிறது. கரையில் ஏறுகிற பஸ்ஸிலும் சின்னப் படகிலும் இதில் எதுவும் கிடையாது.

நானும் என் கணவரும் மத்திய அரசு வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர்கள். குவார்ட்டர்ஸைக் காலி செய்த பிறகு பக்கத்திலேயே முனிர்கா டி.டி.ஏ. ஃப்ளாட்டுக்கு வந்தோம். மகள் ஹூஸ்டனில் இருக்கிறாள். ஜூன் மாதம் அவள் குடும்பத்தோடு கால்வெஸ்டனில் கப்பல் ஏறினோம். ஹோண்டுராஸைச் சேர்ந்த ரோவாத்தான் தீவு, மெக்சிகோவின் கோஸ்டா மாயா, கோசுமெல் தீவு என்று மூன்று இடங்களில் கப்பல் நிற்கும். இவருக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறது, எனக்கு முழங்கால் வலி, பேத்திக்குப் பதினான்கு வயது. மூன்று தலைமுறைக்கும் ஒத்துவரும்படி தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதால் பயணத்துக்கு முன்பே வீட்டில் உட்கார்ந்து பட்டியலைப் படித்தோம்.

கரைச் சுற்றுலாவைக் கப்பல் நிறுவனத்திடமே வாங்கலாம், வெளியில் உள்ளூர்க்காரர்களிடமும் வாங்கலாம். வெளியில் விலை குறைவு, கூட்டமும் குறைவு. ஆனால் கப்பலிடம் வாங்கினால் ஒரு பெரிய உத்தரவாதம் உண்டு. பஸ் பஞ்சராகி நேரம் தப்பினாலும் அந்தக் குழுவுக்காகக் கப்பல் காத்திருக்கும். நாமாகப் போய்த் தாமதமாகத் திரும்பினால் காத்திருக்காது. அடுத்த துறைமுகத்துக்கு நம் செலவில் நாமே போய்ச் சேர வேண்டியதுதான். வேறு நாட்டில், கையில் பாஸ்போர்ட் இல்லாமல், மாத்திரைப் பெட்டியும் அறையில் இருக்க, எழுபது வயதுக்காரர் அந்த நிலைமையில் நிற்கக் கூடாது. அதனால் தூரமாகப் போகும் எதையும் கப்பலிடமே வாங்குவது என்று முடிவு செய்தோம்.

ஆனால் கப்பல் விற்கிறது என்பதாலேயே அது பாதுகாப்பானது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. 2017 டிசம்பர் 19 அன்று கோஸ்டா மாயாவில் இறங்கிய பயணிகளைச் சாக்சோபென் என்ற மாயன் கோயில்களுக்கு அழைத்துப் போன பஸ் சாலையோரம் கவிழ்ந்து 12 பேர் இறந்தார்கள். இரண்டு பெரிய கப்பல்களில் வந்தவர்கள் அந்த பஸ்ஸில் இருந்தார்கள். வேகமாக ஓட்டியதில் டிரைவர் கட்டுப்பாட்டை இழந்தார் என்றது அந்த மாநிலத்து அரசுத் தரப்பு. 2019 டிசம்பர் 9 அன்று நியூசிலாந்தின் வக்காரி தீவில் எரிமலை வெடித்தபோது தீவில் 47 பேர் இருந்தார்கள். 22 பேர் உயிரிழந்தார்கள். அங்கே இருந்தவர்களில் பெரும்பாலோர் ஒரே கப்பலில் இருந்து சுற்றுலாவாக வந்தவர்கள். அந்த எரிமலைக்கான எச்சரிக்கை நிலை மூன்று வாரம் முன்பே, நவம்பர் 18 அன்று, உயர்த்தப்பட்டிருந்தது.

கப்பல் டிக்கெட்டோடு வருகிற ஒப்பந்தத்தைப் படித்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். சுற்றுலா நடத்துபவர் தனி ஒப்பந்தக்காரர், அவர் செய்யும் தவறுக்குக் கப்பல் பொறுப்பில்லை என்று அதில் எழுதியிருக்கும். அமெரிக்காவில் இருந்து கிளம்பும் பெரிய கப்பல்களில் வழக்குப் போட ஒரு வருஷம்தான் கெடு. வழக்கும் பெரும்பாலும் மயாமி நீதிமன்றத்தில்தான் போட வேண்டும். டெல்லியில் பென்ஷன் வாங்கும் ஒரு தம்பதியால் அது ஆகிற காரியமா என்று யோசித்துப் பாருங்கள். ஆகவே கப்பலை நம்பினாலும் நம் கண்ணால் பார்த்துத் தீர்மானிக்கும் வேலை நம்மிடமே இருக்கிறது.

நாங்கள் வைத்துக்கொண்ட அளவுகோல் எளிமையானது. பார்க்கப் போகும் இடம் எவ்வளவு அழகு என்பதற்கு முன்னால் சாலை எவ்வளவு தூரம், எத்தனை முறை படகு மாற வேண்டும் என்று பார்த்தோம். கோசுமெலில் இறங்குகிறவர்கள் எல்லோரும் துலும் போக ஆசைப்படுவார்கள். கடலோரப் பாறைமேல் நிற்கும் மாயன் நகரம், படத்தில் பார்த்தாலே மனம் போகும். ஆனால் கோசுமெலில் இருந்து முக்கால் மணி நேரம் ஃபெர்ரி, ப்ளாயா தெல் கார்மெனில் இறங்கி அங்கிருந்து ஒரு மணி நேரம் பஸ், திரும்பி வர அதே பாடு. கோசுமெல் தீவிலேயே சான் ஹெர்வாசியோ என்ற இடிபாடுகள் இருக்கின்றன. மாயன்களின் இக்ஷேல் என்ற பெண் தெய்வத்தின் தலம் அது. பிள்ளைப்பேறுக்கும் மருத்துவத்துக்கும் உரிய தெய்வம். அந்தக் காலத்தில் பெண்கள் மரத்தோணியில் கடல் தாண்டி அங்கே வேண்டுதலுக்கு வந்தார்கள். துறைமுகத்தில் இருந்து டாக்சியில் போய் வந்துவிடலாம். சிறிய கோயில்கள்தாம், துலுமின் கம்பீரம் இல்லை. ஆனால் கர்ப்பரக்ஷாம்பிகையைக் கும்பிட்டு வளர்ந்த எனக்கு அங்கே நிற்பது நிறைவாக இருந்தது. அவசரமில்லாமல் நிழலில் உட்கார்ந்து பார்த்தோம்.

ரோவாத்தானில் கடிகாரம்தான் முதல் கவனம். ஜூனில் டெக்சாஸ் நேரத்துக்கும் ரோவாத்தான் நேரத்துக்கும் ஒரு மணி வித்தியாசம் உண்டு. அங்கே ஒரு மணி குறைவு. கப்பல் தன் நேரத்தை மாற்றாமல் வைத்திருந்தது. கரையில் கால் வைத்ததும் போன் தானாக உள்ளூர் நேரத்துக்கு மாறிவிடும். போனை நம்பி மூன்றரை மணிக்குள் திரும்புகிறவர்களுக்குக் கப்பலில் நாலரை மணி ஆகியிருக்கும், கப்பல் போயிருக்கும். இவர் பழைய எச்.எம்.டி. கைக்கடிகாரத்தைக் கப்பல் நேரத்தில் வைத்துக் கட்டிக்கொண்டார். அதையே பார்த்து நடந்தோம்.

பேத்தி ஜிப்லைன் போக வேண்டும் என்று வாரம் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தாள். மரங்களுக்கு மேலே கம்பியில் தொங்கிச் சறுக்கிப் போகும் விளையாட்டு. இதே தீவில் 2018இல் தேனிலவுக்கு வந்த தம்பதி ஒரே கம்பியில் நடுவழியில் மோதிக்கொண்டு கணவர் இறந்துபோனார். முன்னால் போனவர் கம்பியில் நின்றிருக்கும்போது பின்னால் இருந்தவரை அனுப்பிவிட்டதால் வந்த விபத்து. மாப்பிள்ளை மேடைக்குப் போய் அதையே கேட்டார்: முன்னால் போனவர் இறங்கிவிட்டார் என்று இங்கே இருப்பவருக்கு எப்படித் தெரியும்? ஒவ்வொரு மேடையிலும் இருந்த வாக்கி-டாக்கியைக் காட்டினார்கள். அந்தப் பக்கத்தில் இருந்து குரல் வராமல் யாரையும் விடுவதில்லை என்றார்கள். நாங்கள் நின்று பார்த்தோம், அப்படியேதான் நடந்தது. பிரேக் பிடிப்பதும் பயணி கையில் இல்லை, ஊழியர் கையில் இருந்தது. எடை பார்த்து பெல்ட் மாட்டி, இன்னொருவர் வந்து திரும்பவும் இழுத்துப் பார்த்தார்.

"பாட்டி, போகட்டுமா?"

"போயிட்டு வா. ரெண்டு கையும் அவங்க சொல்ற இடத்துல இருக்கணும்."

பயந்து எல்லாவற்றையும் வேண்டாம் என்பதற்காக நான் இதை எழுதவில்லை. கேட்ட கேள்விக்கு நேரான பதில் கிடைத்து, அந்தப் பதில் கண் முன்னால் நடப்பதோடு ஒத்துப்போனால் தாராளமாகப் போகலாம். அவள் காடும் கடலும் சேர்ந்து தெரிந்த உயரத்தைப் பற்றி இன்னும் பேசிக்கொண்டிருக்கிறாள். நாங்கள் இருவரும் அந்த நேரத்தில் தீவின் கிழக்கே புந்தா கோர்தா கிராமத்தில் கரீஃபுனா மக்களின் மத்தளம் கேட்டோம். 1797இல் செயின்ட் வின்சென்ட் தீவில் இருந்து பிரிட்டிஷார் கப்பலில் ஏற்றி இந்தத் தீவில் இறக்கிவிட்டுப் போனவர்களின் வம்சம். கரும்புத் தோட்டங்களுக்கும் தேயிலைத் தோட்டங்களுக்கும் நம் ஜனங்களைக் கப்பல் ஏற்றிய கதை தெரிந்த தமிழருக்கு அந்த மத்தளம் கேட்க வேண்டிய ஒன்று.

கோஸ்டா மாயாவில் சாக்சோபென் போனோம். 2017இல் விபத்து நடந்த அதே தடம். போகலாமா என்று வீட்டில் நிறையப் பேசினோம். கப்பல் வழியாகவே பதிந்து, பஸ்ஸில் ஏறியதும் எல்லோர் இருக்கையிலும் பெல்ட் வேலை செய்கிறதா என்று பார்த்தோம். வழிகாட்டியே பெல்ட் போடச் சொன்னார். டிரைவர் நிதானமாக ஓட்டினார். காட்டுக்குள் பனைகளுக்கு நடுவே கல் கோபுரங்கள் வந்தபோதுதான் எனக்கு மூச்சு சீரானது.

பயணத்திலேயே கஷ்டமான முடிவு கோசுமெலில் பிற்பகலில் எடுத்தது. கண்ணாடி அடித்தளம் வைத்த படகில் பவளப் பாறைகளைப் பார்க்க, வெளியில் ஒருவரிடம் முன்பணம் கட்டியிருந்தோம். முதலில் மகளும் மாப்பிள்ளையும் ஸ்நார்க்கலிங் பற்றித்தான் பேசினார்கள். குழாய் வழியாக மூச்சுவிட்டு நீந்துவது இதயத்துக்கு எவ்வளவு சுமை என்று டெல்லியில் இவருடைய டாக்டர் எச்சரித்திருந்ததால் கண்ணாடிப் படகு என்று மாற்றினோம். படகுத்துறையில் போய்ப் பார்த்தால் படகின் பக்கத்தில் எழுதியிருந்த எண்ணிக்கையைவிட அதிகம் பேர் ஏறிக்கொண்டிருந்தார்கள். லைஃப் ஜாக்கெட்டுகளைக் கயிறு போட்டுக் கட்டி இருக்கைக்கு அடியில் திணித்திருந்தார்கள். குழந்தை அளவில் ஒன்றும் இல்லை. கேட்டபோது, பத்து நிமிஷப் பயணம்தானே, யாரும் போடுவதில்லை என்று பதில் வந்தது.

இவர் காலைப் பின்னுக்கு எடுத்துவிட்டார். நாங்களும் இறங்கிவிட்டோம். கட்டின பணம் திரும்ப வரவில்லை. மாப்பிள்ளைக்கு மனம் ஆறவில்லை. இவர் அவரிடம் போர்ட் பிளேரைப் பற்றிச் சொன்னார்.

2014 ஜனவரி 26, குடியரசு தின விடுமுறை. 'அக்வா மரீன்' என்ற சுற்றுலாப் படகு ராஸ் தீவுக்கும் நார்த் பேக்கும் இடையே கவிழ்ந்து 21 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் காஞ்சிபுரத்தில் இருந்து கூட்டமாகச் சுற்றுலா போன நம் ஜனங்கள். இருபத்தைந்து பேர் போக வேண்டிய படகில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்களை ஏற்றியிருந்தார்கள். அந்தமானுக்கு எல்.டி.சி. என்ற விடுமுறைப் பயணச் சலுகையில் விமானம் ஏறுவது ஆர்.கே.புரத்து அரசு ஊழியர்களுக்குச் சகஜம் என்பதால் அந்தச் செய்தி எங்கள் செக்டர் முழுவதையும் உலுக்கியது. அதே பயணத்துக்கு டிக்கெட் எடுத்து வைத்திருந்த குடும்பங்கள் பக்கத்து வீடுகளில் இருந்தன. இதேபோல் படகு கவிழ்ந்து 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் 45 பேர், 2023 மே 7 அன்று தானூரில் 22 பேர் இறந்தார்கள். எல்லாமே சின்னப் பயணம், கரை கண்ணுக்குத் தெரிகிற தூரம். 2024 டிசம்பர் 18 அன்று மும்பையில் எலிஃபெண்டா தீவுக்குப் போன படகில் கடற்படையின் விசைப்படகு வந்து மோதியது. நம் படகோட்டி ஒழுங்காக ஓட்டினாலும் இப்படி நடக்கலாம் என்பதற்காகத்தான் ஏறும்போதே ஜாக்கெட்டை மாட்டச் சொல்கிறார்கள்.

இத்தனையும் கேட்ட மாப்பிள்ளை பிறகு பணத்தைப் பற்றிப் பேசவில்லை.

இன்ஷூரன்ஸையும் கவனிக்க வேண்டும். பெற்றோருக்காகப் பிள்ளைகள் எடுக்கும் விசிட்டர் பாலிசி மெக்சிகோ, ஹோண்டுராஸ் கரையில் செல்லுமா, ஏற்கெனவே இருக்கும் நோய்க்குச் செல்லுமா, ஹெலிகாப்டரிலோ விமானத்திலோ ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகும் செலவு அதில் சேருமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தீவுகளில் பெரிய ஆஸ்பத்திரி இருக்காது. அமெரிக்க விசா பலமுறை நுழையக்கூடியதாக இருக்க வேண்டும், ஏனென்றால் கப்பல் திரும்பும்போது மறுபடி அமெரிக்காவுக்குள் நுழைகிறோம்.

அமெரிக்கா போகாதவர்களுக்கும் இது பொருந்தும். 1990இல் பிரான்சில் கட்டி, மயாமியில் இருந்து பஹாமாஸுக்கு ஓடிய 'நார்டிக் எம்ப்ரஸ்' கப்பல்தான் இப்போது 'எம்ப்ரஸ்' என்ற பெயரில் நம் கடலில் ஓடுகிறது. 2023 ஜூனில் சென்னையில் இருந்து அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று இலங்கைப் பயணமும் அதில் தொடங்கியது. திருகோணமலையில் கோணேசர் கோயில் ஊருக்குள்ளேயே இருக்கிறது. காங்கேசன்துறையில் இருந்து கீரிமலை மிக அருகில். ஆனால் அம்பாந்தோட்டையில் இறங்கும் முருக பக்தர்கள் கதிர்காமம் போக ஆசைப்படுவார்கள், அதற்கு நல்ல சாலைத் தூரம் உண்டு. வண்டியைப் பார்த்து, டிரைவரைப் பார்த்து, திரும்பும் நேரத்தைக் கணக்குப் போட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

இந்த மே மாதம் கப்பல் ஏறப்போகிற ஆர்.கே.புரத்துப் பெரியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளைகள் எல்லாவற்றையும் போனிலேயே புக் செய்துவிட்டு நமக்குச் சொல்வார்கள். அதற்கு முன்பே கரைச் சுற்றுலாப் பட்டியலை வாங்கி நீங்களும் படியுங்கள். எத்தனை பேர் ஏறலாம், பெல்ட் உண்டா, ஜாக்கெட் போடச் சொல்வார்களா என்று கேளுங்கள். படகுத்துறையில் மனசுக்குச் சரியாகப் படவில்லை என்றால், பணம் போனாலும் ஏறாதீர்கள்.