பணம் வந்தால் பற்று!

சம்பளத் தேதியன்று செல்போன் 'டிங்' என்கிறது. 'உங்கள் கணக்கில் இத்தனை ரூபாய் கிரெடிட்' என்கிறது பாங்க். சந்தோஷம். ஐந்தாம் தேதிக்குள் வாடகை, பால், ஸ்கூட்டர் தவணை என்று வரிசையாக டெபிட், டெபிட், டெபிட்! ஆகவே ஆபீஸ் போகிற அத்தனை பேருக்கும் கிரெடிட் என்றால் கதாநாயகன், டெபிட் என்றால் வில்லன். இந்த நம்பிக்கையோடு பி.காம். முதல் வருஷ வகுப்புக்குள் நுழைகிற பையனுக்குத் தலையில் ஒரு குட்டு விழும் பாருங்கள்...

எனக்கு அது 1994-ல் விழுந்தது. (அப்போது செல்போன் ஏது? பாஸ்புக்தான்.) திருநெல்வேலிப் பக்கம் ஒரு கல்லூரி. தமிழ் வழிப் பிரிவு. எங்களில் பாதிப் பேர் வேறு எதிலும் இடம் கிடைக்காமல் காமர்ஸுக்கு வந்தவர்கள். நிதிநிலைக் கணக்கியல் எடுத்த சார் முதல் வாரமே கரும்பலகையில் எழுதினார்: உள்ளே வருவதைப் பற்று வை, வெளியே போவதை வரவு வை.

வகுப்பே ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டது. இங்கிலீஷ் மீடியம்காரனுக்கு இந்தச் சங்கடம் கிடையாது. அவனுக்கு டெபிட்டும் கிரெடிட்டும் வெறும் இரண்டு சத்தம்; சொன்னதை மனப்பாடம் செய்துவிட்டுப் போய்விடுவான். நமக்கு அப்படியா? 'வரவு' என்ற சொல்லுக்குள்ளேயே வருவது இருக்கிறதே!

கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல். "சார், வரவுன்னாலே வர்றதுதானே? உள்ளே வர்ற பணத்தை ஏன் சார் பற்றுல எழுதணும்?"

சார் கோபப்படவில்லை. வருஷா வருஷம் எவனாவது ஒருத்தன் கேட்கிற கேள்வியாக இருக்கும். "பலசரக்குக் கடை நோட்டைப் பாத்திருக்கியாலே?" என்றார். எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எங்கப்பாவுக்குப் பலசரக்குக் கடை.

"ஒரு ஆளு கடனுக்கு அரிசி வாங்கிட்டுப் போறான். அவன் பக்கத்துல என்ன எழுதுவாங்க?"

"பற்று சார்."

"பணம் கொண்டாந்து குடுத்தா?"

"வரவு சார்."

"அவ்வளவுதான். இப்ப கல்லாப்பெட்டியையும் ஒரு ஆளா நெனைச்சுக்கோ. அதுக்கும் நோட்டுல ஒரு பக்கம் போடு. ஆயிரம் ரூவாயை அது வாங்கி உள்ளே வச்சுக்கிட்டுது. வாங்கினா?"

"பற்று..."

"அதுல இருந்து எடுத்துக் கரண்டு பில் கட்டுறே. பெட்டி குடுத்துது. குடுத்தா?"

"வரவு!"

எனக்குப் பளிச்சென்று ஒரு லைட் எரிந்தது. பெட்டி, மேஜை, தராசு, குடோன் எல்லாமே அண்ணாச்சி கடை வாடிக்கைக்காரர்கள்! வாங்கியவன் தலையில் பற்று, கொடுத்தவன் பேரில் வரவு. ஒருத்தன் வாங்கினால் இன்னொருத்தன் கொடுத்திருக்கத்தானே வேண்டும்? அதனால்தான் ஒவ்வொன்றையும் இரண்டு இடத்தில் எழுதுகிறோம். லத்தீன் மொழியில் டெபிட்டின் மூலச்சொல்லுக்குக் கடன்பட்டிருப்பது என்றும், கிரெடிட்டின் மூலத்துக்கு நம்புவது என்றும் பொருளாம். ஆக, கல்லாப்பெட்டியும் ஒரு கடன்காரன்தான்.

பாங்க் விஷயமும் இதே. பாஸ்புக் பாங்கின் நோட்டிலிருந்து எடுத்த நகல். அந்த நோட்டில் நீங்களும் நானும் வாடிக்கைக்காரர்கள். பணம் போட்டால் நாம் 'கொடுத்தவர்', அதனால் வரவு. எடுத்தால் 'வாங்கியவர்', அதனால் பற்று. இன்றைக்குச் செல்போனில் 'டிங்' என்று வருகிற செய்தியும் பாங்க் தன் பக்கத்திலிருந்து பேசுவதுதான். உங்கள் வீட்டு நோட்டில் எழுதினால் சம்பளம் வந்த அன்று பாங்க் கணக்குக்குப் பற்றுதான் வைக்க வேண்டும். வில்லனும் கதாநாயகனும் இடம் மாறிவிடுவார்கள்.

இந்த இரட்டைப் பதிவு முறையை அச்சில் விளக்கி எழுதியவர் லூக்கா பசியோலி என்ற இத்தாலியப் பாதிரியார். 1494-ல் வெனிஸில் அவர் வெளியிட்ட பெரிய கணிதப் புத்தகத்தில் இது ஒரு பகுதி. லியோனார்டோ டாவின்சியின் நண்பர். கணக்கியலின் தந்தை என்று பரீட்சையில் எழுதினால் மார்க் உண்டு. ஆனால் அவர் கண்டுபிடித்ததல்ல. வெனிஸ் வியாபாரிகள் ஏற்கெனவே எழுதிக்கொண்டிருந்ததைத்தான் எழுதினார். நம் பக்கமும் சும்மா இல்லை. பர்மாவிலும் மலேயாவிலும் கடை வைத்திருந்த நகரத்தார், சிட்டை, பேரேடு, ஐந்தொகை என்று கணக்கெழுதியவர்கள்தான். நெல் அளக்கும்போது முதல் மரக்காலை 'ஒன்று' என்று சொல்லாமல் 'லாபம்' என்று தொடங்குவார்களே, அந்த ஊர்க்காரர்களுக்குக் கணக்கு புதுசா என்ன?

அடுத்த குட்டு, இருப்புநிலைக் குறிப்பில். முதலாளி போட்ட முதல் எந்தப் பக்கம் வரும்? பொறுப்புகள் பக்கம். அதாவது கடன் பக்கம்! கடை வேறு, கடைக்காரர் வேறு. முதல் போட்டவர் கடைக்குக் கடன் கொடுத்தவர், அவ்வளவுதான். "எங்கப்பா கடையில எங்கப்பா கடன்காரரா?" என்று எனக்கு மனசு ஒப்பவே இல்லை. அப்போது ஒப்பவில்லை என்று மட்டும் சொல்லி வைக்கிறேன்.

நடுவில் இருப்பாய்வு வரும். பற்றையெல்லாம் ஒரு பக்கம், வரவையெல்லாம் மறுபக்கம் கூட்டினால் இரண்டும் சமமாக வரவேண்டும். வராது. பரீட்சை ஹாலில் மணி அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது 180 ரூபாய் இடிக்கும். அதற்கும் ஒரு புகலிடம் வைத்திருக்கிறார்கள்: அனாமத்துக் கணக்கு! இடிக்கிற தொகையைத் தூக்கி அங்கே போட்டுவிட்டு, பிறகு ஆற அமரத் தேடலாம். தமிழில் இதைவிடப் பொருத்தமாக யாரும் பேர் வைத்திருக்க முடியாது.

சமமாக வந்துவிட்டால் கணக்கு சரியா? அங்கேதான் வில்லங்கம். எழுதாமலே விட்டது விடுபிழை. முதலீட்டுச் செலவை அன்றாடச் செலவில் எழுதினால் விதிப்பிழை. இந்தத் தப்பை அந்தத் தப்பு மறைத்துவிட்டால் ஈடுசெய் பிழை (பல குடும்பங்கள் இந்த முறையில்தான் ஓடுகின்றன). இதெல்லாம் இருந்தாலும் இரண்டு பக்கமும் ஜோராகச் சமமாக நிற்கும். சார் இதைச் சொன்னபோது பரீட்சைக்கு வரும் ஐந்து மார்க் கேள்வி என்றுதான் குறித்துக்கொண்டோம். பிறகு 2009 ஜனவரி 7-ம் தேதி, ஹைதராபாத் சத்யம் கம்ப்யூட்டர்ஸ் தலைவர் ராமலிங்க ராஜு எழுதிய கடிதம் வெளியாயிற்று. கையிருப்பும் பாங்க் இருப்புமாகக் கணக்கில் காட்டிய 5,361 கோடியில் 5,040 கோடி இல்லவே இல்லை! அந்த இருப்புநிலைக் குறிப்பும் இரண்டு பக்கமும் அழகாகச் சமமாகத்தான் இருந்தது.

சரி, எங்கள் கடைக்கு வருகிறேன்.

1995 சித்திரையில் அப்பாவுக்கு ஓர் ஆசை. பக்கத்து ரூம் காலியாகிறது, அதையும் எடுத்துப் போட்டுக் கடையைப் பெரிசாக்கலாம். அம்மாவின் எட்டுப் பவுனை அடகு வைத்தால் அட்வான்ஸுக்கும் சரக்குக்கும் ஆச்சு. "யாவாரம் நல்லாத்தானே போவுது" என்றார். போகத்தான் செய்தது. கடை வாசலில் எப்போதும் கூட்டம். அடகுக் கடைக்குப் போக நல்ல நாளும் பார்த்தாகிவிட்டது.

எங்களுக்கு அப்போதுதான் 'முழுமை பெறாப் பதிவேடுகள்' பாடம் முடிந்திருந்தது. ஒழுங்காகக் கணக்கெழுதாத சின்ன வியாபாரிக்கும் லாபம் கண்டுபிடிக்கிற வழி. வருஷக் கடைசி முதலோடு வீட்டுக்கு எடுத்ததைக் கூட்டு, வருஷ ஆரம்ப முதலைக் கழி, மிச்சம் லாபம். அப்பா சித்திரை முதல் தேதி புதுக்கணக்குப் போடும்போது சரக்கு, ரொக்கம், வரவேண்டியது, கொடுக்கவேண்டியது எல்லாம் எண்ணி எழுதி வைப்பார். இரண்டு வருஷத்துத் தொகையும் நோட்டில் இருந்தது. போன வருஷ முதல் 64,000. இந்த வருஷம் 58,000.

வீட்டுக்கு எடுத்தது எவ்வளவு? அதற்கு நோட்டே கிடையாது. அம்மாவிடம் கேட்டேன். அடுப்பிலிருந்து திரும்பாமலே, "மாசம் ஆயிரத்து ஐநூறு ரூவா. அரிசி, பருப்பு, எண்ணெய்னு ஒரு ஐநூறுக்கு வரும்" என்றாள். வருஷத்துக்கு 24,000. அப்படியானால் லாபம் 18,000. மோசமில்லையே என்று அப்பா மீசையைத் தடவினார்.

நான் வரவேண்டிய கடன் பட்டியலை எடுத்தேன். 22,000. அதில் ஒவ்வொரு பேராக அவரிடமே கேட்டேன். ஊரை விட்டுப் போன டெய்லர், பம்பாய்க்குப் போனவர், செத்துப்போனவர், மூன்று வருஷமாகக் கடைப் பக்கமே தலைவைக்காதவர்... கூட்டினால் 10,000. அதைக் கழித்தால் லாபம் 8,000. வருஷத்துக்கு! காலை ஐந்தரைக்குக் கதவு திறந்து ராத்திரி பத்துக்குச் சாத்துகிற மனுஷருக்கு. சொந்தக் கட்டடம் என்பதால் வாடகை எழுதவில்லை, அவருக்குச் சம்பளமும் எழுதவில்லை. எழுதினால் அந்த எட்டாயிரமும் போய்விடும். எட்டாயிரம் சம்பாதித்து இருபத்து நாலாயிரம் சாப்பிட்டிருக்கிறோம். பதினாறாயிரம் முதலிலிருந்தே போயிருக்கிறது. சரக்கும் கடனும் ரொட்டேஷனில் ஓடியதால் யாருக்கும் தெரியவில்லை.

அப்பா ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு பட்டியலைக் கையில் வாங்கி, "செத்துப்போனான், சரி. அவன் மவன் இருக்காம்லா? பேரை அடிச்சுட்டா, நாளைக்கு அவன் கொண்டாந்து குடுக்கும்போது எங்கலே எழுதுவே?" என்றார்.

"அடிக்க வேண்டாம்ப்பா. வாராதுன்னு நெனைச்சு லாபத்துல ஒதுக்கி வச்சிரணும். ஐயக்கடன் ஒதுக்குன்னு பேரு. பேரு நோட்டுல அப்படியே இருக்கும்."

"பேரு இருக்கும்லா?"

"இருக்கும்."

"அப்பச் சரி" என்றார். பக்கத்து ரூமைப் பற்றிய பேச்சு அதோடு நின்றது. எட்டுப் பவுன் பீரோவிலேயே இருந்தது; 1999-ல் தங்கச்சி கழுத்துக்குப் போனது. ரூமை ஒரு சலூன்காரர் எடுத்துக்கொண்டார். 'இன்று ரொக்கம், நாளை கடன்' என்று ஒரு போர்டு மாட்டினார் அப்பா. அதன் கீழே நின்றுதான் கடனும் கொடுத்தார் என்பது வேறு விஷயம். ஆனால் முன்பு மாதிரி கேட்டவருக்கெல்லாம் இல்லை. பழைய பாக்கியில் பாதியாவது வந்தால்தான் புதுப் பற்று.

இன்னொன்றும் செய்தார். நோட்டில் ஒரு புதுப் பக்கம் திறந்து மேலே 'வீடு' என்று எழுதினார். முதல் நாள் அம்மா வந்து ஒரு கிலோ சீனி கேட்டாள். பொட்டலம் கட்டிக் கொடுத்துவிட்டுக் காதில் செருகியிருந்த பேனாவை எடுத்து, தேதி போட்டு, பற்று எழுதினார்.

"என்ன எழுதுதிய?"

"சீனி ஒரு கிலோ."

"யாரு பேருல?"

அப்பா நோட்டைத் திருப்பிக் காட்டினார். அம்மா வாசித்தாள். பொட்டலத்தை அப்படியே தட்டிலேயே வைத்துவிட்டு, "எதுத்த கடையில ரொக்கத்துக்கு வாங்கிக்கிடுதேன்" என்று இறங்கிப் போய்விட்டாள்.