சிறைவாசலில் நின்றவர்கள்

பெர்பெத்துவாவுக்கு அப்போது 22 வயது இருக்கும். வசதியான வீட்டுப் பெண், படித்தவள், கைக்குழந்தைக்காரி. கிறிஸ்தவள் என்பதற்காக, கி.பி. 203-இல் கார்த்தேஜ் நகரத்துச் சிறையில் அவளை அடைத்தார்கள். உள்ளே ஒரே இருட்டு. புழுக்கம், நெரிசல், காசு பிடுங்கும் சிப்பாய்கள். எல்லாவற்றுக்கும் மேலாகப் பிள்ளையைப் பற்றிய கவலை. இதையெல்லாம் அவளே சிறைக்குறிப்பாக எழுதிவைத்திருக்கிறாள். ஆதிச் சபையில் ஒரு பெண் தன் கதையைத் தானே எழுதி, அது நம் கைவரை வந்து சேர்ந்திருப்பது அபூர்வம்.

அந்தக் குறிப்பில் என்னை எப்போதும் நிறுத்திவிடுகிற இடம் ஒன்று உண்டு. தெர்த்தியு, பொம்போனியு என்று இரண்டு உதவிக்காரர்கள் காவலர்களுக்குக் காசு கொடுத்து, கைதிகள் சில மணி நேரமாவது சிறையின் நல்ல பகுதியில் இருக்க ஏற்பாடு செய்கிறார்கள். அங்கே உட்கார்ந்துதான், பசியில் துவண்டு கிடந்த பிள்ளைக்கு அவள் பால் கொடுக்கிறாள். பிறகு பிள்ளையைத் தன்னோடு வைத்துக்கொள்ளவும் அனுமதி வாங்கிவிடுகிறாள். அதற்கப்புறம் சிறையே அரண்மனை மாதிரி ஆகிவிட்டதாம்.

எங்கள் ஓய்வுநாள் பள்ளியில் இந்தக் கதை வந்தபோது அந்த இரண்டு பேரும் வரவில்லை. உபதேசியார் நேரே மைதானத்துக்குப் போய்விடுவார். கூண்டு திறக்கும், சிங்கம் பாயும், நாங்கள் வாய் பிளப்போம். வகுப்பு விட்டதும் கோவில் வேப்பமரத்தடியில் சிங்க விளையாட்டு. சிங்கமாக இருக்கத்தான் எல்லாருக்கும் ஆசை. இரத்தசாட்சியாக நிற்கச் சின்னப் பையன்களைப் பிடித்துத் தள்ள வேண்டியிருக்கும். பெரியவனானபின் படித்துப் பார்த்தால், பெர்பெத்துவாவையும் அவளோடிருந்த பெலிசித்தாவையும் முட்டித் தள்ளியது ஒரு வெறிபிடித்த பசு. பசு என்றால் நாங்கள் சிரித்திருப்போம் என்று உபதேசியாருக்குத் தெரிந்திருக்கும். உதவிக்காரர் காவலருக்குக் கைக்காசு கொடுத்ததைப் பிள்ளைகளிடம் எப்படிச் சொல்வது என்றும் அவர் தயங்கியிருக்கலாம்.

ஆனால் அது ஊரறிந்த சங்கதி. லூசியன் என்ற கிரேக்க நையாண்டி எழுத்தாளர், கிறிஸ்தவர்களை நம்பாதவர், இரண்டாம் நூற்றாண்டிலேயே இதைக் கேலியாக எழுதிவைத்திருக்கிறார். பெரகிரீனுஸ் என்ற எத்தன் ஒருவன் கிறிஸ்தவனாகிச் சிறைக்குப் போகிறான். விடிவதற்குள் சிறைவாசலில் விதவைக் கிழவிகளும் அநாதைப் பிள்ளைகளும் வந்து காத்துக் கிடக்கிறார்கள். சபைப் பெரியவர்கள் காவலருக்குக் காசு கொடுத்து உள்ளேயே அவனோடு படுத்துக்கொள்கிறார்கள். சாப்பாடு வருகிறது. ஆசியாவின் ஊர்களிலிருந்தெல்லாம் ஆள் வருகிறது. இப்படி ஏமாறுகிறார்களே என்று லூசியனுக்குச் சிரிப்பு. ஏமாந்தார்கள்தான். பகைவன் எழுதிக்கொடுத்த இந்த நற்சான்றிதழை விட நல்லதாக இன்னொன்றை நான் பார்த்ததில்லை.

காசு எங்கிருந்து வந்தது? பெர்பெத்துவா மாள்வதற்கு ஆறு வருஷம் முன்னால், 197 வாக்கில், அதே கார்த்தேஜில் இருந்த தெர்த்துல்லியன் சபையின் பொதுப்பெட்டியைப் பற்றி எழுதுகிறார். மாதத்துக்கு ஒரு தடவை, முடிந்தவர் முடிந்ததைப் போடலாம், கட்டாயம் கிடையாது. ஏழைகளைப் புதைக்க, அநாதைப் பிள்ளைகளுக்கு, தள்ளாத அடிமைகளுக்கு, கப்பல் உடைந்து வந்தவர்களுக்கு, விசுவாசத்துக்காகச் சுரங்கத்திலும் தீவிலும் சிறையிலும் கிடப்பவர்களுக்கு. தெர்த்தியுவின் கையில் இருந்தது அந்தப் பெட்டிக் காசாகத்தான் இருக்கும் என்பது என் ஊகம்.

பெட்டி என்றதும் ஆச்சியின் கலயம் வந்துவிடுகிறது. அடுக்களையில் அரிசிப்பானைக்குப் பக்கத்தில் இருக்கும். உலைக்கு அரிசி அளக்கும்போதெல்லாம் ஒரு பிடி அதற்குள் போகும். சனிக்கிழமை சாயங்காலம் பெண்கள் ஐக்கியத்திலிருந்து அக்கா ஒருத்தி வந்து வாங்கிப்போவாள். ஒருசமயம் சபையில் ஒரு வீட்டுக்காரர் திருட்டு வழக்கில் உள்ளே போய்விட்டார். அந்த வீட்டுக்கு அரிசி கொடுக்கலாமா என்று கூட்டத்தில் பேச்சு எழுந்தது. ஆச்சி சத்தமாகவே கேட்டாள்: “ஏன், பிள்ளைகளா திருடிச்சு?” அரிசி போயிற்று. விசுவாசத்துக்காக உள்ளே போனவர்கள் என்று தெர்த்துல்லியன் போட்ட வரம்பை ஆச்சி ஒரே கேள்வியில் தாண்டிவிட்டாள்.

தைரியத்தைப் பற்றி எழுத உட்கார்ந்து அரிசியைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன். இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று என்றுதான் எனக்குப் படுகிறது. கி.பி. 112 வாக்கில் பித்தினியா ஆளுநர் பிளினி, பேரரசர் திராயானுக்கு எழுதிய கடிதத்தில் இருப்பதும் அதுதான்: விடியுமுன் கூடுகிறார்கள், கிறிஸ்துவைத் தெய்வமாகப் பாடுகிறார்கள், களவும் விபசாரமும் செய்வதில்லை, சொன்ன சொல் மாறுவதில்லை என்று ஆணையிடுகிறார்கள், பிறகு மறுபடி கூடிச் சாதாரணமாகச் சாப்பிடுகிறார்கள். இதற்குமேல் ஏதாவது இருக்குமோ என்று சபையில் ஊழியம் செய்த இரண்டு அடிமைப் பெண்களை வதைத்துக் கேட்டிருக்கிறார். அவர்கள் பெயரை அவர் எழுதவில்லை.

அதே கடிதத்தில் மறுதலித்தவர்களும் வருகிறார்கள். பின்னால், 177-இல் லியோன் நகரத்து உபத்திரவத்திலும் ஏறக்குறைய பத்துப் பேர் பின்வாங்கினார்கள். அந்தச் சபை எழுதிய கடிதம் அதை மறைக்கவே இல்லை. சிறையிலிருந்தவர்கள் விழுந்தவர்களைத் தூற்றாமல் அவர்களுக்காக அழுதார்களாம். பிப்லிஸ் என்ற பெண் முதலில் மறுதலித்து, பிறகு வதையின் நடுவே விழித்துக்கொண்டவள்போலத் தான் கிறிஸ்தவள் என்று அறிக்கையிட்டாள். விழுந்தவர்களை விட்டுவிட்டு நின்றவர்களை மட்டும் எண்ணுகிற பிரசங்கங்கள் எனக்கு ஒட்டுவதில்லை. பயந்தவனுக்கும் திரும்பிவர ஒரு வாசல் இருந்த சபைதான் அது.

மறுபடி கார்த்தேஜ் சிறை. பெலிசித்தா அடிமை, எட்டு மாதக் கர்ப்பிணி. கர்ப்பிணியைக் கொல்லச் சட்டம் இடம் தராது. அவளை மட்டும் பின்னால் தனியாக, முன்பின் தெரியாத குற்றவாளிகளோடு சேர்த்துக் கொல்வார்கள். தனியாக விடப்படுவதுதான் அவளுடைய துக்கம். கூட இருந்தவர்கள் எல்லாரும் சேர்ந்து அவளுக்காக ஜெபித்தார்கள். ஜெபம் முடிந்த கையோடு வலி எடுத்தது. பெண் குழந்தை. சபையைச் சேர்ந்த ஒரு சகோதரி அதை வாங்கித் தன் மகளாக வளர்த்தாள் என்று ஒரே வரியில் முடிகிறது பதிவு.

மார்ச் 7-ஆம் தேதி மைதானத்தில், பசு முட்டி விழுந்த பெர்பெத்துவா எழுந்ததும் கிழிந்த ஆடையை இழுத்து மூடுகிறாள், கலைந்த தலைமுடியை முடிந்துகொள்கிறாள், பெலிசித்தா அடிபட்டுக் கிடப்பதைப் பார்த்து ஓடிப்போய்க் கைகொடுத்துத் தூக்கிவிடுகிறாள். சீமான் வீட்டு மகளும் அடிமைப் பெண்ணும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். கடைசியில் எல்லாரும் சமாதான முத்தம் கொடுத்துக்கொண்ட பிறகுதான் வாளுக்குக் கழுத்தைக் கொடுத்தார்கள்.

இவர்களைப் போல் நிற்க நமக்குத் தைரியம் உண்டா என்று வருஷாவருஷம் பிரசங்கத்தில் கேட்கிறார்கள். அது நேரம் வந்தால் தெரியும். நான் கேட்பது வேறு. உங்கள் சபையில் யார் வீட்டுப் பிள்ளையாவது உள்ளே இருக்கிறானா என்று உங்களுக்குத் தெரியுமா? தெரியாவிட்டால் வருகிற ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து விசாரியுங்கள். இருந்தால், மனு போட்டுப் போய்ப் பாருங்கள். போகிறபோது வெறுங்கையோடு போகாதீர்கள். அவன் வீட்டு அடுப்பு எரிகிறதா என்றும் பார்த்துவிட்டு வாருங்கள்.